கல்லறைக் கதவைத் திறந்துவிடுங்கள்: தமிழகத் திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் கத்தோலிக்க ஆயர்களுக்கும், தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர்களுக்கும், லுத்தரன் திருச்சபைத் தலைவர்களுக்கும், பெந்தெகொஸ்தே சபைகளின் போதகர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

உங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல எனக்கு அகப்பட்ட வணக்கம் இதுதான். என் மாமியார் கத்தோலிக்கக் குருவான சாமியாரைக் கண்டால் கைகூப்பி ‘ஸ்தோத்திரம் சாமி’ என்பார். என் அம்மா எங்கள் சபைக் குருவானவரான ஐயரிடம் அதையே சொல்வார். என் அத்தை அவருடைய பாஸ்டரிடமும் அதையேதான் சொன்னார். அந்த அத்தையைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் நாசரேத்துக்குப் பக்கத்து ஊரொன்றில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். 22 வருடங்களுக்கு முன் சாத்தான்குளம் பக்கம் ஒரு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். இறையியல் படித்தவள் இல்லை. ஆனால் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று வீட்டில் எது வந்தாலும் இரண்டு சபைக்கும் நடுவில் நின்று பழகியவள்.

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் அத்தை இறந்துபோனார். அப்பாவின் அக்கா. குழந்தையிலேயே சி.எஸ்.ஐ. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தது, அதே கோயிலில் திடப்படுத்தல், அதே கோயிலில் கல்யாணம். ஐம்பது வயது வரை சபையே கூடிச் சாப்பிடும் அந்த ஊர் அசன விழாவில் விடிய விடியக் காய்கறி நறுக்கியவர். மாமா இறந்தபோது ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரை வைத்து, பக்கத்தில் அத்தைக்கென்று ஓர் ஆள் அளவு இடம் விட்டு, சுற்றிக் கல் கட்டியிருந்தார்கள். அப்புறம் அத்தை மகள் வீட்டோடு டவுனுக்குப் போனார். தனிமையில் இருந்தவருக்கு அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபை ஆறுதலாக இருந்தது. தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். கடைசிப் பன்னிரண்டு வருடமும் அந்தச் சபைதான் அவருக்கு எல்லாம்.

அந்தச் சபைக்குக் கல்லறை நிலம் கிடையாது. வாடகை ஷெட்டில் ஆராதனை நடத்துகிறவர்களிடம் கல்லறைக்கு நிலம் எங்கே இருக்கும்? சரி, ஊருக்கே கொண்டுபோய் மாமா பக்கத்தில் வைத்துவிடலாம் என்று உடலைக் கொண்டுவந்தோம். சபைக் கமிட்டி கூடிப் பேசியது. ‘வேற ஞானஸ்நானம் எடுத்துட்டாங்க, பதிவேட்டில பேரை அடிச்சாச்சு, இடம் கொடுக்க முடியாது’ என்றார்கள். அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதில் இரண்டு பேர் அத்தை கையால் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ‘ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க, ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?’ என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

உடலை வைத்திருந்த ஐஸ் பெட்டி திண்ணையில் இரைந்துகொண்டிருந்தது. நடுவில் கரண்ட் போக, பக்கத்து வீட்டு ஜெனரேட்டருக்கு ஒயர் இழுத்தார்கள். அத்தையின் பாஸ்டர் ஈரச் சட்டையோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் கணவரின் பங்குச் சாமியாரிடம் போன் செய்து கேட்டோம். மனதார வருத்தப்பட்டார், மேலே கேட்காமல் தன்னால் முடியாது என்றார். மறுநாள் மத்தியானம், ஓடைக் கரையில் இருந்த பஞ்சாயத்து சுடுகாட்டில் வைத்தோம். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்து இறைத்து ஊற்றினார்கள். பெட்டியை இறக்கியபோது கீழே தண்ணீர் களக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

குழி மேல் நின்று எல்லாரும் கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். அதைக்கூட ஒன்றாகச் சொல்ல முடியவில்லை. நாங்கள் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று ஆரம்பிக்க, கணவர் வீட்டார் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று ஆரம்பித்தார்கள். ‘தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்’ என்று அவர்கள் ஆமென் சொல்லி நிறுத்திவிட, நாங்கள் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தொடர்ந்துகொண்டிருந்தோம். என் மகள் மட்டும் இரண்டையும் கலந்து சொன்னாள். அவளுக்கு இரண்டும் தெரியும்.

ஐயாமாரே, இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எந்த ஊர், எந்தச் சபை என்று நான் சொல்லப்போவதும் இல்லை. இது ஓர் ஊரின் கதை மட்டும் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் கமிட்டி சொன்ன ஒரு சொல்லை யோசித்துப் பார்த்தேன்: ‘வேற ஞானஸ்நானம்’. நம் எல்லாப் பிரிவினைக்கும் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது. என் கல்யாணத்தின்போதும் இதுதான் வந்தது. கணவர் ஊரில் ஒரு பெரியவர், நான் புதிதாக ஞானஸ்நானம் பெற்றால்தான் கோயிலில் தாலி கட்ட முடியும் என்று அடித்துச் சொன்னார். என் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நல்லவேளை, வயதான சாமியார் ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயரால் கொடுத்தாங்களாம்மா?’ நாங்கள் ‘குமாரன்’ என்போம், அவர் ‘சுதன்’ என்றார். ஆமாம் என்றேன். ‘அப்போ நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கினவதான். சர்டிபிகேட் கொண்டு வா, போதும்’ என்றார்.

அவர் எனக்குச் சலுகை காட்டவில்லை, தன் திருச்சபையின் சட்டப்படியே நடந்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தண்ணீராலும் மூவொரு கடவுளின் பெயராலும் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை மறுபடி கொடுப்பதில்லை. அதே சட்டத் தொகுப்பின் 1183ஆம் எண், வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு, அவருடைய சொந்தப் போதகர் கிடைக்காத நிலையில், ஆயர் அனுமதித்தால் கத்தோலிக்க அடக்கச் சடங்கையே நடத்தலாம் என்கிறது. மேலிடத்தில் இவ்வளவு தாராளம் இருக்கிறது. அது எங்கள் ஊர்த் திண்ணை வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நான் பிறந்த சபைக்கும் ஞாபகப்படுத்த ஒன்று இருக்கிறது. நம் திருச்சபையே பிரிவினையைப் பொறுக்க முடியாமல் பிறந்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாக 1874இல் பிறந்தவர்; 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அவர் வளர்ந்த திருநெல்வேலியில் ஒரே ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே இரண்டு இங்கிலாந்து மிஷனெரி சங்கங்களின் பெயரால் எஸ்.பி.ஜி. ஊர், சி.எம்.எஸ். ஊர் என்று இரண்டு உலகம் இருந்தது. நாசரேத் எஸ்.பி.ஜி., மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். 1877இல் இந்த மாவட்டத்துக்குத் துணைப் பேராயர் வேண்டும் என்று வந்தபோது, ஒரு சங்கத்துக்குக் கால்டுவெல், இன்னொரு சங்கத்துக்குச் சார்ஜென்ட் என்று ஒரே நாளில் இரண்டு பேரை அபிஷேகம் செய்தார்கள். ஒரே சபை, ஒரே மாவட்டம், ஒரே ஜெபப் புத்தகம், ஆனால் இரண்டு பேராயர்.

இதையெல்லாம் பார்த்த அசரியாதான் 1919 மே மாதம், சபைகள் ஒன்றாவதைப் பற்றிப் பேசத் தரங்கம்பாடியில் உட்கார்ந்தார். கூடியவர்கள் 33 பேர். இருவரைத் தவிர மற்ற எல்லாரும் இந்தியர்கள். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை இவை, இவற்றை நீடிக்க விட எங்களுக்கு விருப்பமில்லை என்று அவர்கள் எழுதிக் கையொப்பமிட்டார்கள். அதற்குப் பிறகு 28 வருடம் பேச்சுவார்த்தை. ஆங்கிலிக்கர்கள், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே 1908இல் ஒன்றாகிவிட்ட பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபையானார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. பேராயரின் கைவைப்பு இல்லாமல் அபிஷேகம் பெற்றிருந்த போதகர்களை ‘நீங்கள் மறுபடி அபிஷேகம் பெற்று வாருங்கள்’ என்று சொல்லவில்லை. இருந்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் நடக்கும் அபிஷேகங்கள் பேராயர் கையால் நடக்கட்டும், பழக்கமில்லாத ஆராதனை முறையை எந்தச் சபை மீதும் திணிக்க வேண்டாம், சேர்ந்து வளர 30 வருடம் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். இதற்காக இங்கிலாந்தில் பலர் கோபப்பட்டார்கள். அப்படியும் இவர்கள் பின்வாங்கவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் ‘நீ பெற்றது செல்லாது’ என்று சொல்லாமலேயே ஒன்றாக முடியும் என்று இந்த மண்ணில் செய்து காட்டினார்கள். அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் ‘வேற ஞானஸ்நானம்’ என்ற சொல் எப்படி நுழைந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடியில் கூடியவர்கள் ‘இது எங்கள் மேல் சுமத்தப்பட்டது’ என்றபோது அது உண்மை. இன்று நாம் அப்படிச் சொல்ல முடியாது. பேராயரின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்தின் தேர்தலில் இரண்டு அணி, தேர்தல் முடிந்ததும் வழக்கு, வழக்குக்குச் சபைப் பணம். இதையெல்லாம் எந்த மிஷனெரியும் கப்பலில் கொண்டுவரவில்லை. ஒரு பாஸ்டர் இன்னொரு பாஸ்டரின் ஆட்டை இழுப்பதும் அப்படித்தான்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். என் கல்யாணம் நடந்தபோது அப்பா சபை பார்க்கவில்லை. ‘ஆர்.சி.யா இருந்தா என்ன, எல்லாம் ஒரே சாமிதான்’ என்றார். ரொம்பப் பெருந்தன்மையாக இருந்தது. வேறு சாதியில் ஒரு சி.எஸ்.ஐ. பையனைக் காட்டியிருந்தால், அதே ஊர், அதே கோயில், அதே பாட்டுப் புத்தகமாக இருந்தாலும் அப்பா சம்மதித்திருக்க மாட்டார். இதை அவர் இருக்கும்போதே அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை. நம் ஊர்களில் சபை தாண்டி நடக்கும் கல்யாணங்கள் அநேகம், சாதி தாண்டி நடப்பவை சொற்பம். அப்படியென்றால் நமக்குள் ஏற்கெனவே ஓர் ஐக்கியம் இருக்கத்தான் செய்கிறது. அதைக் கட்டியது கிறிஸ்து இல்லை, சாதி.

இதில் எந்தச் சபையும் இன்னொரு சபையைக் கைகாட்ட முடியாது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, எத்தனையோ சீர்திருத்தத் திருச்சபைக் கிறிஸ்தவர்கள் கோயிலை விட்டே போனார்கள். வடக்கன்குளத்தில் இரண்டு சாதியாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காணும்படி, பீடத்தில் மட்டும் சந்திக்கும் இரண்டு தனிக் கட்டடங்களாக ஒரு கத்தோலிக்கக் கோயிலையே எழுப்பினார்கள். பிறகு நடுச்சுவரை இடிக்க ஒரு சாமியார் துணிய வேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றி நம் காலத்திலேயே பத்திரிகைகளில் படித்தோம். ஆகவே கல்லறைக் கதவைத் திறங்கள் என்று நான் கேட்கும்போது இதையும் சேர்த்தே கேட்கிறேன். ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேவும் ஒரே வரிசையில் படுத்திருக்க, தலித் மக்கள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் என்றால், அந்த ஐக்கியம் எனக்கு வேண்டாம். அத்தையும் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

நடக்கக் கூடியதையா கேட்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நடந்திருக்கிறது. நாங்கள் யோவான் என்று பெயர் வைத்தால் கத்தோலிக்க வீடுகளில் அருளப்பன் என்பார்கள். எங்கள் பேதுரு அங்கே இராயப்பர், எங்கள் பவுல் அங்கே சின்னப்பர். ஒரே தமிழில், ஒரே சீடர்களுக்கு இரண்டு பெயர். 1995இல் இரு தரப்பும் சேர்ந்து உழைத்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது, கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த இராயப்பரையும் சின்னப்பரையும் வேதப் புத்தகத்திலிருந்து விட்டுக்கொடுத்துப் பேதுரு, பவுல் என்று ஏற்றார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் பெரும்பாலும் இன்னும் பழைய மொழிபெயர்ப்பைத்தான் கையில் வைத்திருக்கிறோம். எனக்கும் அதன் நடைதான் நாவில் வருகிறது, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் நம்மை நோக்கி ஒரு எட்டு வைத்தார்கள், நாம் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இந்த வருத்தம் எனக்கு உண்டு.

பக்கத்துக் கேரளத்தில் 1994 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையும் யாக்கோபாய சுரியானி சபையும் கலப்புக் கல்யாணங்களுக்காக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. எந்தக் கோயிலில் நடத்துவது, யாரிடம் அனுமதி வாங்குவது என்று பேசி எழுதி வைத்தார்கள். இறையியல் வித்தியாசங்கள் தீர்ந்துவிட்டன என்று அவர்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் கல்யாணம் செய்கிறார்கள், அவர்களை நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது என்று நினைத்தார்கள். ஜெர்மனியில் 2007 ஏப்ரல் 29ஆம் தேதி மாக்டபர்க் கதீட்ரலில் கத்தோலிக்கர், லுத்தரன், ஆர்த்தடாக்ஸ், மெதடிஸ்ட் என்று 11 சபைகள் ஒருவர் கொடுக்கும் ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டன. லூத்தர் காலத்துச் சண்டை நடந்த மண்ணிலேயே அது முடிந்தது. அந்தச் சண்டையைச் சுமந்துவந்த நமக்கு ஏன் முடியாது?

குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்டிஸ்டுகள் அங்கே கையெழுத்துப் போடவில்லை. பெந்தெகொஸ்தே போதகர்களே, உங்களுக்கும் அந்தச் சங்கடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். விசுவாசித்த பிறகுதான் ஞானஸ்நானம் என்பது உங்கள் மனச்சாட்சி. அதை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ‘நீ முன்னே எடுத்தது வெறும் தண்ணீர், அது சபையே இல்லை’ என்று மேடையில் சொல்லும்போது, அந்தப் பெண்ணை ஏந்தி வளர்த்த ஊரையே அவளிடமிருந்து வெட்டிவிடுகிறீர்கள். நாளைக்கு அவளைப் புதைக்க நீங்கள் போய்க் கேட்க வேண்டியதும் அந்த ஊரைத்தான். அத்தையின் பாஸ்டர் அன்றைக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவரைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஒரே நற்கருணைப் பந்தியில் உட்கார வையுங்கள் என்று நான் இப்போது கேட்கவில்லை. 22 வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் மகளும் நற்கருணை வாங்க எழுந்து போகும்போது நான் பெஞ்சில் கால்களை ஒதுக்கி வழி விட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதன் வலி எனக்குத் தெரியும், அதற்குள்ளிருக்கும் இறையியல் சிக்கலும் ஓரளவு தெரியும். அது தீரும் நாளில் தீரட்டும். இப்போதே உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். தமிழகத்துச் சபைகள் ஒருவர் கொடுத்த ஞானஸ்நானத்தை இன்னொருவர் ஏற்பதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதை ஒவ்வொரு பங்குக்கும் ஒவ்வொரு சேகரத்துக்கும் அனுப்பிக் கோயிலில் வாசிக்கச் சொல்லுங்கள், உபதேசியாரும் கமிட்டிக்காரரும் காதால் கேட்கும்படி. கல்யாணத்துக்கு வரும் பிள்ளைகளிடம் சபை மாறிவிட்டு வா என்று யாரும் கேட்காதபடி, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு நடைமுறையை எழுதுங்கள். அந்த ஊரில் இயேசுவின் பெயரைச் சொல்லிச் செத்த யாருக்கும், எந்தச் சபையானாலும், எந்தச் சாதியானாலும், சந்தா பாக்கி இருந்தாலும், கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு என்று சொல்லுங்கள். சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறையில் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையாரும் பல காலமாக ஒரே மதிலுக்குள் இருக்கிறார்கள். கிராமத்தில் அது ஏன் ஆகாது?

ஒவ்வொரு ஜனவரியிலும் 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக ஜெபிக்கிறோம். ஒரு பேராயர் மற்றவரின் கதீட்ரலுக்குப் போய்ப் பிரசங்கம் செய்வதும், சால்வை போடுவதும், போட்டோ எடுப்பதும் நடக்கிறது. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரு காலத்தில் அதுவும் இல்லாமல்தானே இருந்தது. வரும் ஜனவரியில் அந்த எட்டு நாளில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, தரங்கம்பாடியிலோ மதுரையிலோ ஒரு மேசையைச் சுற்றி உட்காருங்கள். உலக ஜெப நாளுக்கு மார்ச் முதல் வெள்ளிக்கிழமை தோறும் சபை வித்தியாசம் பார்க்காமல் கூடுகிற பெண்களில் சிலரையும் கூப்பிடுங்கள். வீட்டில் இரண்டு சபையை வைத்துச் சமாளிப்பது எப்படி என்று அவர்கள் சொல்வார்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன். மாமாவின் கல்லுக்குப் பக்கத்தில் அத்தைக்கென்று விட்ட இடம் அப்படியே கிடக்கிறது. போன தடவை அங்கே நெருஞ்சி மண்டியிருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
சி.எஸ்.ஐ. கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, ஆர்.சி. கோயிலில் கல்யாணம் செய்த ஓர் ஆசிரியை